பழக்கம் என்னும் பாடசாலை

(காட்கோபர் பகுதி அங்கத்தினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"கற்றலின் மனவியல்" என்பது இன்று எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் தலைப்பு. கற்றல் என்றவுடன் நமக்கு ஸ்கூல், ட்யூஷன், பத்தாவது மார்க், ஐ.ஐ.டி. கோச்சிங் இவைதான் ஞாபகத்துக்கு வரும். மனவியல் சொல்லும் கற்றல் இதைவிட மிகவும் விரிந்தது. அனுபவத்தின் காரணமாக ஒருவருடைய நடத்தையில் ஏற்பட்டு நிலைத்துவிடும் மாற்றம் எதுவோ அதுவே கற்றல். இந்த லக்ஷணத்தில் 'நல்ல' என்ற வார்த்தை இல்லை என்பதைக் கவனியுங்கள். நல்லதைக் கற்பதும் கற்றல்தான், கெட்டதைக் கற்பதும் கற்றல்தான். அதற்கு வாத்தியார் வேண்டும் என்ற நிர்ப்பந்தம் இல்லை. 'நாம் இப்போது கற்றுக்கொண்டிருக்கிறோம்' என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

காட்கோபரில் பேசுவதால் இங்கே உள்ள எல்லோருக்கும் தெரிந்த ஒரு விஷயத்தையே கேள்வியாக வைக்கிறேன். மும்பை புறநகர் ரயில் பாதைகளில் வருஷத்துக்கு 2,000 பேருக்கு மேல் உயிரிழக்கிறார்கள். 2024ஆம் ஆண்டிலும் எண்ணிக்கை 2,000ஐத் தாண்டியது. இவர்களில் மிகப் பெரிய பங்கு, தண்டவாளத்தைக் குறுக்கே கடந்தவர்கள். கடப்பது ஆபத்து என்று தெரியாதவர் மும்பையில் யார்? போர்டு இருக்கிறது. ஒலிபெருக்கியில் அறிவிப்பு வருகிறது. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆவது பிரிவுப்படி அது குற்றமும்கூட. இருந்தும் ஆபீஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நன்றாகப் படித்தவர்களும் இறங்கிக் கடக்கிறார்கள். ஏன்? 'புத்தி இல்லை' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். மனவியல் சொல்லும் பதில் வேறு. அவர்கள் அதைக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். பாடம் எப்படி நடந்தது என்று பார்ப்பதுதான் இந்த உரையின் நோக்கம். அதற்கு முன் சில அடிப்படை விஷயங்கள்.

ஜோடி சேர்வது

ருஷ்யாவைச் சேர்ந்த இவான் பாவ்லோவ் மனவியல் படித்தவர் அல்ல, உடலியல் நிபுணர். ஜீரணத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904இல் நோபல் பரிசு பெற்றவர். அவருடைய ஆராய்ச்சி நாய்களுக்கு ஆகாரத்தை வாயில் வைத்தால் உமிழ்நீர் சுரக்கும். இது இயற்கை. சில நாட்கள் போனதும், ஆகாரம் கொண்டுவரும் ஆளின் காலடி ஓசை கேட்டாலே சுரக்க ஆரம்பித்தது. இது இயற்கை அல்ல, கற்றது. பாவ்லோவ் இதை விடாமல் பிடித்துக்கொண்டார். தாளக்கருவியின் டிக் டிக் ஓசையைக் கேட்கச் செய்து, உடனே ஆகாரம் கொடுத்தார். பல தடவை இப்படிச் செய்தபின் வெறும் டிக் டிக் போதும், உமிழ்நீர் வந்தது. பாடப் புத்தகங்களில் இதற்கு 'ஆக்கநிலையுறுத்தல்' என்று பெயர். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத இரண்டு விஷயங்கள் அடுத்தடுத்து வந்து ஜோடி சேர்ந்துவிடுகின்றன என்பதே சாரம்.

நமக்கு இதற்கு நாய் வேண்டாம். காலையில் டிகாஷன் இறங்கும் வாசனை வந்தவுடனே, காப்பி நாக்கில் படுவதற்கு முன்பே, தூக்கம் கலைந்துவிடுகிறது. பல் டாக்டர் அறையில் மெஷின் ஓசை கேட்டால், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்குப் பல் கூசுகிறது. அவர் பல்லை இன்னும் யாரும் தொடக்கூட இல்லை!

பயம் வந்த வழி, போன வழி

பயமும் இப்படி ஜோடி சேரும். 1920இல் அமெரிக்காவில் ஜான் வாட்ஸனும் ரோஸலி ரேய்னரும் ஒரு சோதனை செய்தார்கள். புத்தகங்களில் ஆல்பர்ட் என்று குறிப்பிடப்படும் அந்தக் குழந்தைக்குப் பதினொரு மாதம். வெள்ளெலியைக் கண்டால் அதற்குப் பயம் கிடையாது. அது எலியைத் தொடப்போகும்போது பின்னாலிருந்து இரும்புக் கம்பியில் சுத்தியலால் ஓங்கி அடித்தார்கள். சில தடவைகள்தான். அப்புறம் எலியைப் பார்த்தாலே அழுகை. எலியோடு நிற்கவில்லை, முயலைக் கண்டும் ரோமக் கோட்டைக் கண்டும் அழுதது. அந்தப் பயத்தைப் போக்காமலே சோதனையை முடித்துக்கொண்டார்கள். இன்றைக்கு எந்த ஆராய்ச்சிக்கூடமும் இதை அனுமதிக்காது.

நான்கு வருஷம் கழித்து, 1924இல், மேரி கவர் ஜோன்ஸ் என்ற அம்மையார் இதற்கு மாற்று கண்டார். பீட்டர் என்ற சிறுவனுக்கு முயல் என்றால் பயம். அவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்து, அவன் சாப்பிடும்போது கூண்டில் முயலைத் தூரத்தில் வைத்தார். நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக அருகில் கொண்டுவந்தார். முயலோடு பயமில்லாமல் விளையாடும் மற்றக் குழந்தைகளையும் பக்கத்தில் இருக்கவைத்தார். கடைசியில் பீட்டர் முயலைத் தடவிக் கொடுத்தான்.

நம் வீடுகளில் கணக்கு என்றால் நடுங்கும் குழந்தைகள் உண்டு. பல சமயங்களில் அந்தக் குழந்தைக்குக் கணக்கு எலி, நம் குரல் சுத்தியல். "இதுகூடத் தெரியலையா? உங்க அண்ணாவைப் பாரு" என்ற சத்தமும் கணக்குப் புஸ்தகமும் ஒன்றாகவே வந்துகொண்டிருந்தால், புஸ்தகத்தைத் திறந்தாலே வயிறு கலங்கும். பீட்டருக்குச் செய்ததைத்தான் இங்கேயும் செய்ய வேண்டும். குழந்தைக்கு வரக்கூடிய சுலபமான கணக்கிலிருந்து, சிரித்த முகத்தோடு, தூரத்திலிருந்து அருகே.

பலன் நடத்தும் பாடம்

இரண்டாவது வழி பலன். 1898இல் எட்வர்ட் தார்ன்டைக் பசித்த பூனையைக் கூண்டில் அடைத்து, வெளியே மீனை வைத்தார். பூனை பிராண்டும், கடிக்கும், குதிக்கும். ஏதோ ஒரு தடவை தற்செயலாகத் தாழ் திறந்துகொள்ளும். மறுபடி மறுபடி அடைக்க அடைக்க, திறக்கும் நேரம் குறைந்துகொண்டே வந்தது. திருப்தியான பலன் தந்த செயல் நிலைக்கிறது, பலன் தராத செயல் உதிர்ந்துவிடுகிறது. இது அவர் சொன்ன 'விளைவு விதி'.

இதை விரித்துப் பெரிய சாஸ்திரமாக ஆக்கியவர் பி.எஃப். ஸ்கின்னர். அவர் சொன்னதில் மூன்று விஷயங்களை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, வலுவூட்டல். ஒரு செயலைச் செய்தவுடன் இனியது வந்தால் அந்தச் செயல் வலுப்படும். இனியதுதான் வர வேண்டும் என்றுகூட இல்லை. தொல்லை விலகினாலும் வலுப்படும். காரில் பெல்ட் போடும் வரை 'பீப் பீப்' என்று கத்துகிறது, போட்டவுடன் நிற்கிறது. சத்தம் நின்றதே பரிசு. இதற்கு எதிர்மறை வலுவூட்டல் என்று பெயர். பலர் இதைத் தண்டனை என்று தவறாக நினைக்கிறார்கள்.

இரண்டாவது, தண்டனை. செயலைக் குறைக்கும் விளைவு எதுவோ அது தண்டனை. அது வேலை செய்ய வேண்டுமானால் உடனே வரவேண்டும், நிச்சயமாக வரவேண்டும். எப்போதோ, யாருக்கோ வரும் தண்டனை எதையும் கற்றுக்கொடுப்பதில்லை.

மூன்றாவது, விட்டுவிட்டு வரும் பலன். ஒவ்வொரு தடவையும் பலன் கிடைத்து வந்த செயல், பலன் நின்றவுடன் சீக்கிரமே நின்றுவிடும். சில தடவை கிடைத்து, சில தடவை கிடைக்காமல் வந்த செயலோ லேசில் போகாது. லாட்டரிச் சீட்டு வாங்குகிறவர் பத்துத் தடவை தோற்றும் பதினோராம் தடவை வாங்குவது இதனால்தான்.

புறாவும் ஹாரனும்

ஸ்கின்னர் 1948இல் எழுதிய ஒரு கட்டுரை சுவையானது. கூண்டிலுள்ள புறாக்களுக்கு, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும், குறிப்பிட்ட இடைவெளியில் தானியம் தானாக விழுந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு புறா வட்டமாகச் சுற்ற ஆரம்பித்தது, இன்னொன்று தலையை ஆட்ட ஆரம்பித்தது. தானியம் விழுந்த சமயம் எதைச் செய்துகொண்டிருந்ததோ, அதனால்தான் விழுந்தது என்று பிடித்துக்கொண்டுவிட்டது!

எல்.பி.எஸ். ரோடு சிக்னலில் நின்று பாருங்கள். சிவப்பு விளக்கு எரியும்போதே பின்னால் உள்ள வண்டிக்காரர் ஹாரனை அழுத்துகிறார். கொஞ்ச நேரத்தில் பச்சை விழுகிறது. அது எப்படியும் விழுந்திருக்கும். ஆனால் 'அழுத்தினேன், வழி கிடைத்தது' என்று கைவிரல் கற்றுக்கொண்டுவிடுகிறது.

இதை மாற்ற மும்பை போலீஸ் ஒரு நூதனமான வழியைச் சோதித்துப் பார்த்தது. 2020 ஜனவரி கடைசியில் அதன் வீடியோ வெளியாகி எல்லோரும் பார்த்தோம். சில சந்திப்புகளில் சிக்னலோடு ஒலி அளக்கும் கருவியை இணைத்தார்கள். ஹாரன் சத்தம் 85 டெசிபலைத் தாண்டினால் சிவப்பு விளக்கின் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். எவ்வளவு அழுத்துகிறீர்களோ அவ்வளவு நேரம் நிற்க வேண்டியதுதான். ஸ்கின்னர் சொன்ன இலக்கணப்படி தண்டனை உடனே வருகிறது, நிச்சயமாக வருகிறது. ஒரு குறை உண்டு. ஹாரனைத் தொடாமல் நிற்பவருக்கும் அதே தண்டனைதான். யார் செய்தாரோ அவரிடம் போய்ச் சேராத விளைவு பாதிப் பாடம்தான் நடத்தும்.

தண்டவாளம் கற்றுக்கொடுப்பது

இப்போது ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம்.

ஒருவர் முதல் தடவை தண்டவாளத்தைக் கடக்கும்போது நெஞ்சு படபடக்கிறது. கடந்துவிட்டார். என்ன ஆயிற்று? மாடிப்படி ஏற வேண்டிய சிரமம் தவிர்ந்தது. பாலத்து நெரிசல் தவிர்ந்தது. 8.14 லோக்கல் கிடைத்தது. பயம் நின்றது. ஒரே செயலுக்கு நான்கு பரிசுகள், எல்லாம் ஒரு நிமிஷத்துக்குள். இரண்டாம் தடவை படபடப்புக் குறைகிறது. நூறாம் தடவை படபடப்பே இல்லை. போர்டு 'ஆபத்து' என்கிறது, சொந்த அனுபவமோ நூறு தடவையும் 'ஒன்றும் ஆகாது' என்கிறது. மனது எதை நம்பும்? சொன்னதைவிடப் பட்டதைத்தான்.

அடுத்து தண்டனையைப் பாருங்கள். அபராதம் என்றைக்கோ ஒரு நாள் வருகிறது. அது பிடிபட்ட துரதிர்ஷ்டமாகத்தான் தோன்றும், கடந்ததன் விளைவாகத் தோன்றாது. பெரிய தண்டனையோ உயிரையே கொண்டுபோய்விடுகிறது. அந்தப் பாடத்தைப் படித்தவர் மறுநாள் அதை உபயோகிக்க இருப்பதில்லை. மயிரிழையில் தப்பியவர்களில்கூடப் பலர் 'நான் சாமர்த்தியசாலி' என்ற பாடத்தைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

இதோடு இன்னும் இரண்டு சேருகின்றன. ஒன்று, மரத்துப்போவது. ஒரே மாதிரி ஓசை ஓயாமல் கேட்டால் காது அதைக் கவனிப்பதை நிறுத்திவிடும். லைன் ஓரம் குடியிருப்பவர்கள் ரயில் சத்தத்தில் நிம்மதியாகத் தூங்குவார்கள், ஊரிலிருந்து வந்த விருந்தாளிதான் விழித்துக்கொண்டிருப்பார். இன்னொன்று, பார்த்துக் கற்பது. ஆல்பர்ட் பாண்டுரா 1961இல் செய்த சோதனையில், பெரியவர் ஒருவர் பொம்மையை அடிப்பதைப் பார்த்த குழந்தைகள் தாங்களும் அதே மாதிரி அடித்தார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பின்னால் செய்த சோதனையில், அடித்த பெரியவர் கண்டிக்கப்பட்டதைப் பார்த்த குழந்தைகள் அவ்வளவாக அடிக்கவில்லை. பிறருக்குக் கிடைக்கும் பலனைப் பார்த்தும் நாம் கற்கிறோம். அப்பா கையைப் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தைக் கடக்கும் குழந்தை, பாதையை மட்டும் கடக்கவில்லை. அப்பாவுக்கு ரயில் கிடைத்ததையும் பார்த்துக்கொள்கிறது.

வடாலாவில் செய்து பார்த்தது

2010 வாக்கில் ஃபைனல் மைல் என்ற மும்பை நிறுவனம் மத்திய ரயில்வேயோடு சேர்ந்து, வடாலா ஸ்டேஷன் அருகே ஜனங்கள் கடக்கும் ஒரு இடத்தில் மூன்று காரியங்கள் செய்தது. புத்திமதி போர்டு எதுவும் வைக்கவில்லை.

முதலில், தண்டவாளத்தின் அடிக்கட்டைகள் சிலவற்றுக்கு மஞ்சள் வர்ணம் அடித்தார்கள். பெரிய பொருள் வேகமாக வந்தாலும் மெதுவாக வருவதுபோல் நம் கண்ணுக்குத் தோன்றும். இதை லீபோவிட்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் 1985இல் எடுத்துக் காட்டியிருந்தார். மஞ்சள் கட்டைகளை ரயில் விழுங்கிக்கொண்டு வருவதைப் பார்த்தால் அதன் உண்மையான வேகம் தெரியும். இரண்டாவது, ஒரே நீளமான ஹாரனுக்குப் பதிலாக நடுவே இடைவெளி விட்டு இரண்டு சிறிய ஹாரன் கொடுக்கும்படி ஓட்டுநர்களுக்குக் குறிப்புப் பலகை வைத்தார்கள். மரத்துப்போன காது இதற்குத் திரும்பும். மூன்றாவது, ரயிலில் அடிபடப்போகும் கணத்தில் ஒரு மனிதனின் முகத்தில் தெரியும் பீதியைப் படமாக, கடக்கும் இடத்திலேயே வைத்தார்கள். மண்டையோட்டுப் படத்தைக் கண்டு யாருக்கும் பயம் வருவதில்லை, மனித முகத்தில் தெரியும் பயம் தொற்றிக்கொள்ளும். அந்த இடத்தில் மரணங்கள் கணிசமாகக் குறைந்தன என்று அப்போது பத்திரிகைகளில் செய்தி வந்தது.

இதில் எனக்குப் பிடித்தது, கடப்பவரை முட்டாள் என்று அவர்கள் கருதாததுதான். அனுபவம் தவறான பாடம் நடத்தியிருக்கிறது, சரியான தகவல் சரியான கணத்தில் கண்ணுக்கும் காதுக்கும் போய்ச் சேர வேண்டும் என்று பார்த்தார்கள்.

பாலத்தின் வழியைச் சுலபமாக்குவது இன்னும் நல்லது. 2014 ஜூன் 8 அன்று வெர்ஸோவாவிலிருந்து வரும் மெட்ரோ காட்கோபரில் வந்து சேர்ந்தபின் இங்கே பாலங்களில் கூட்டம் எப்படி ஏறியது என்று உங்களுக்கே தெரியும். பாலம் அகலமானால், நகரும் படிகள் வேலை செய்தால், சரியான செயலின் விலை குறைகிறது. ஆயிரம் அறிவிப்புகளைவிட அது பெரிய ஆசிரியர். நம் சங்கம் ரயில்வேக்கு மனுக் கொடுக்கும்போது இதைத்தான் கேட்க வேண்டும்.

நம் வீட்டுத் தண்டவாளங்கள்

லோக்கல் ரயில் இல்லாத ஊர்களிலும் தண்டவாளங்கள் உண்டு. பிரஷர் மாத்திரையை ஒரு நாள் விட்டுவிட்டோம், ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வாரம் இரண்டு நாள் விடுகிறோம். ஹெல்மெட் இல்லாமல் கோயில் வரைக்கும் போய் வந்தோம், ஒன்றும் ஆகவில்லை. 'ஒன்றும் ஆகவில்லை' என்பதும் ஒரு பரிசுதான். இந்த இடங்களில் அனுபவத்தை வாத்தியாராக வைத்துக்கொள்ளக் கூடாது, விதியை வைத்துக்கொள்ள வேண்டும். மாத்திரை டப்பாவைக் காப்பி டம்ளர் பக்கத்தில் வையுங்கள். தினமும் தவறாத பழக்கத்தோடு புதுப் பழக்கத்தைக் கட்டிப்போட்டால் அது நிற்கும்.

குழந்தைகள் விஷயம். மாட்டுங்கா மார்க்கெட்டில் பேரன் பொம்மை கேட்கிறான். "வேண்டாம்டா" என்கிறோம். அழுகிறான். "வேண்டாம்னு சொன்னேன் இல்லையா?" உருண்டு புரண்டு அழுகிறான். நாலு பேர் பார்க்கிறார்கள். "சரி சரி, அழாதே, வாங்கித் தரேன்." இப்போது இரண்டு பேர் பாடம் படித்தார்கள். உருண்டு அழுதால் கிடைக்கும் என்று பேரன் கற்றான். கொடுத்தால் சத்தம் நிற்கும் என்று தாத்தா கற்றார். மூன்று தடவை மறுத்து நான்காம் தடவை கொடுப்பது எல்லாவற்றிலும் மோசம், அது லாட்டரிச் சீட்டு. கொடுப்பதானால் முதலிலேயே கொடுங்கள். இல்லையென்றால் கடைசி வரை நில்லுங்கள். நிற்கும்போது முதல் இரண்டு மூன்று தடவை அழுகை இன்னும் அதிகமாகும். லிஃப்ட் வராவிட்டால் பட்டனை விடாமல் அழுத்துகிறோமே, அதேதான். வழக்கமான பலன் நின்றால் செயல் ஒரு தடவை உச்சத்துக்குப் போய்த்தான் அடங்கும். அந்த உச்சத்தில் விட்டுக்கொடுத்தால், உச்சத்துக்குப் போனால்தான் கிடைக்கும் என்று கற்றுக்கொடுத்ததாகிவிடும்.

"ஒரு வாய் சாப்பிடுடா கண்ணா, ஃபோன் தரேன்" என்பதும் அப்படியே. வாயை மூடிக்கொண்டால் ஃபோன் வரும் என்று குழந்தை கற்றுக்கொள்கிறது. மாறாக, தானாக எடுத்துச் சாப்பிட்ட அந்தக் கணத்தில் "சமத்து, நீயே சாப்பிட்டியே" என்று சொல்லிப் பாருங்கள். நல்ல காரியம் நடக்கும்போது நாம் பேப்பர் படிக்கிறோம், விஷமம் நடக்கும்போதுதான் நிமிர்ந்து பார்க்கிறோம். குழந்தைக்கு நம் பார்வையே பெரிய பரிசு. அதை எதற்குக் கொடுக்கிறோம்?

நம் முன்னோர்களின் வேத பாடசாலை முறையில் இந்த நுட்பம் இருக்கிறது. சந்தை சொல்லும்போது ஆசார்யர் ஒரு தடவை சொல்வார், சிஷ்யர்கள் இரண்டு தடவை திருப்பிச் சொல்வார்கள். ஸ்வரம் தவறினால் அந்த இடத்திலேயே நிறுத்தித் திருத்துவார். பிழை பழக்கமாக ஊறுவதற்கு நேரமே கொடுப்பதில்லை. மூன்று மாதம் கழித்து ரிப்போர்ட் கார்டில் வரும் சிவப்புக் கோட்டுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை யோசியுங்கள். யுனெஸ்கோ 2003இல் வேத அத்யயனத்தை மனித குலத்தின் வாய்மொழிப் பாரம்பரியச் செல்வங்களில் ஒன்றாக அறிவித்தது. ஏட்டை நம்பாமல் இத்தனை தலைமுறை அது நின்றதற்கு, உடனுக்குடன் திருத்தும் இந்த ஏற்பாடு முக்கியமான காரணம்.

முடிவாக

மனிதன் நாயுமல்ல, புறாவுமல்ல. யோசிக்கிறான், முன்கூட்டிப் பார்க்கிறான், மனது வைத்தால் பழக்கத்தை மீறுகிறான். ஆனால் எப்போது மீற முடியும்? பழக்கம் எப்படி வந்தது என்று தெரிந்தால்தான். ஆகவே வீட்டிலோ வெளியிலோ ஒரு நடத்தை உங்களுக்குப் பிடிக்காவிட்டால், கோபப்படுவதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். இதைச் செய்தவுடன் இவருக்கு என்ன கிடைக்கிறது, அல்லது எது விலகுகிறது? அதைக் கொடுப்பது யார், நான்தானா? சரியான செயலுக்கு இதைவிடச் சீக்கிரமாக ஏதாவது கிடைக்கிறதா?

இன்று கூட்டம் முடிந்து வீடு திரும்புகையில் உங்களில் பலர் ஸ்டேஷனுக்குப் போவீர்கள். குழந்தைகளும் கூட வருவார்கள். பாலத்தில் ஏறுங்கள். ஒரு லோக்கல் போனால் போகட்டும், பின்னாலேயே அடுத்தது வரும். நீங்கள் ஏறுவதைக் குழந்தை பார்த்துக்கொண்டிருக்கும்.